காலி வீடுகளில் காயும் சட்டைகள்

ஜூன் 10, புதன்

இன்று காலை என் சொந்த வீட்டில் பால் பொங்கியது. படூரில், ஒன்பதாவது மாடியில், கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. ஐயருக்கே சந்தோஷம். முப்பத்திரண்டு வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரிலுள்ளவர்களையெல்லாம் அவரவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தவள் நான். கடைசியில் வேதவல்லிக்கும் ஒரு டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது.

கவுண்டர் சிநேகிதிகள் எல்லோரும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தேன், வராமல் இருப்பார்களா? பால்கனியில் நின்று தூரத்துக் கடலைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கா வேதா?" என்று ஆளுக்கு ஒரு முறை கேட்டார்கள். ஆளுக்கு ஒரு முறை ஆமாம் என்றேன். அலுக்கவில்லை.

என் கணவர் குஞ்சிதபாதம் வரவில்லை. அவர் கணக்கில் வீட்டு விலை இன்னும் இறங்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அது இறங்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வீட்டு விளம்பரத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "இப்ப வாங்குறவன் முட்டாள்" என்று மடித்து வைப்பார். இந்த வருடம் நிஜமாகவே இறங்கியது. ஐ.டி. கம்பெனிகளில் ஆளைக் குறைத்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கட்டி முடித்த வீடுகளை வாங்க ஆளில்லாமல் பில்டர்கள் கையைப் பிசைந்தார்கள். அப்போதும் இவர், "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், வேதா" என்றார். நான் ஓய்வுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் என் பெயரில் பதிவு செய்துவிட்டு வந்தேன். சாவியைக் கொண்டுவந்து அவர் மோர்சாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், படுத்துவிட்டார். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நடுவில் நின்று சமாதானம் பேச ஆள் கிடையாது. நேற்று அயனாவரத்து வாடகை வீட்டு வாசலில் லாரி நின்றபோது நானே சொன்னேன்: "வந்தா வாங்க, வராட்டிப் போங்க."

வரவில்லை. அதனால் என்ன, பால் பொங்கிவிட்டது.

ஜூன் 13, சனி

பதினான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு. குடியிருப்பது பதினோரு குடும்பம். பாக்கியெல்லாம் விற்காதது, அல்லது விற்றும் ஆள் வராதது. என் மாடியில் நான் மட்டும்தான். லிஃப்டில் ஏறினால் நானும் கண்ணாடியில் தெரியும் நானும்தான் போகிறோம். எனக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, ஆகவே இது சௌகரியம்.

மூட்டைகளைப் பிரித்து அடுக்கினேன். ஒரு மூட்டை முழுக்க அவர் சட்டைகள். அவசரத்தில் மாறி வந்திருக்கும்.

ஜூன் 16, செவ்வாய்

போன் செய்தார்.

"அந்த நீலக் கோடு சட்டை எங்க?"

"எனக்கென்ன தெரியும்? பீரோல பாருங்க."

"பீரோல ஒண்ணுமே இல்லையே."

"சலவைக்குப் போயிருக்கும்."

"எல்லாமேவா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். நான் வைப்பதற்குள், "அங்க தண்ணி வருதா?" என்றார். இருபத்துநாலு மணி நேரமும் வருகிறது என்றேன். அது சத்தியம். லேசாக உப்புக் கரிக்கும், அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காமல் வைத்துவிட்டார். நானும் கேட்கவில்லை. ஈடாகப் போயிற்று.

ஜூன் 21, ஞாயிறு

பில்டர் ஆபீஸில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ரின் மேலே வந்தாள். நாற்பதை நெருங்கும் பெண், வாய் ஓயாது, இன்று ஓய்ந்திருந்தது. இந்த மாதமும் ஒரு வீடுகூடப் போகவில்லையாம். அடுத்த பிளாக் வேலையை நிறுத்திவிடுவார்களாம், அவள் வேலையும் அதோடு போகுமாம்.

"சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சுதான் ஆன்ட்டி பார்ட்டிங்க வர்றாங்க. கேட்டுக்குள்ள நுழைஞ்சு அண்ணாந்து பார்த்தா ஒரே இருட்டு. பேய் பங்களா மாதிரி இருக்குன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போறாங்க."

"காலி வீட்டுச் சாவியெல்லாம் யார்கிட்ட இருக்கு?" என்றேன்.

"ஆபீஸ்லதான்."

"கொண்டா."

ஜூன் 22, திங்கள்

ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தேன். மேலிருந்து கீழே, மாடிக்கு இரண்டு மூன்று வீடாகத் திறந்து ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டே இறங்கினேன். சில வீடுகளில் பால்கனிக் கதவையும் திறந்து வைத்தேன். கீழே போய் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. நாளைக்கு இடம் மாற்றிப் போட வேண்டும்.

வெறும் விளக்கு போதாது. ஆள் இருக்கிற வீட்டில் துணி காயும். என் புடவைகளைப் போட்டால் பதினான்கு மாடியிலும் ஒரே பொம்பிளை குடியிருக்கிற மாதிரித் தெரியும். அந்தச் சட்டை மூட்டை சும்மாதானே கிடக்கிறது? ஒரு மாடிக்கு ஒன்றாகக் கொடி கட்டிப் போட்டேன். ஒரு ஆண்பிள்ளைச் சட்டை தொங்கினால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடுகிறது. நனைக்காமல் போட்டால் விறைப்பாக நின்று காட்டிக்கொடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். அழுக்கே இல்லாத சட்டைகள். இருந்தாலும் காலருக்குப் பிரஷ் போட்டுத்தான் பழக்கம்.

என் பால்கனியிலும் ஒன்று போட்டேன். கட்டடத்துக்காகத்தான்.

இதில் பொய் என்ன இருக்கிறது? நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே காட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 28, ஞாயிறு

இரண்டு வீடு விற்றுவிட்டது! நஸ்ரின் என்னைக் கட்டிக்கொண்டாள். வருகிறவர்களையெல்லாம் நேராக என் வீட்டுக்கே அழைத்து வருகிறாள். நான் வாசலுக்குப் போய், "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று வரவேற்று, காபி கொடுத்து, காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசுகிறேன். பேச்சு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவனையே சிரிக்க வைத்து அனுப்பியவள்.

"சார் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். வெளியில் இருக்கிறார், வந்துவிடுவார் என்றேன்.

ஜூலை 3, வெள்ளி

ஆனி மாதம் புது வீட்டுக்குக் குடி போகக் கூடாதாம். போன் செய்து சொல்கிறார். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 7, செவ்வாய்

குக்கர் கேஸ்கட் மாற்றினேன். பாத்ரூம் குழாயில் சொட்டியதை நானே ஸ்பானர் வைத்து முடுக்கினேன். சாயங்காலம் டி.வி.யை உரக்க வைக்கிறேன். மாடி முழுக்கக் கேட்டால் வருகிறவர்களுக்கு ஆள் நடமாட்டம் இருப்பதாகத் தோன்றும். யாரும் வராத நாட்களிலும் வைக்கிறேன், ஒரு ஒழுங்குக்காக.

ஜூலை 10, வெள்ளி

காய்ச்சல். ஒன்றுமில்லை.

ஜூலை 11, சனி

ஒன்றுமில்லை.

ஜூலை 13, திங்கள்

இறங்கிவிட்டது. நஸ்ரின் நோன்புக் கஞ்சி மாதிரி ஒன்று செய்து கொண்டுவந்து கொடுத்தாள், தேவாமிர்தம். "சார் நம்பர் கொடுங்க ஆன்ட்டி, நான் சொல்றேன்" என்று மூன்று நாளாகக் கேட்டாள். கொடுக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஊரைக் கூட்டுகிற ரகமில்லை நான். சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறை வரை போக முடியாமல் ஹாலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பயமாக இருந்தது. அப்புறம் எழுந்து போய்க் குடித்துவிட்டேன்.

மூன்று நாளும் விளக்குப் போடவில்லை, சட்டையும் போடவில்லை. சாயங்காலம் அவரிடமிருந்து போன்.

"என்ன, மூணு நாளா விளக்கே எரியலையே?"

என் கட்டடத்தில் கரண்ட் இல்லை என்று குத்திக்காட்டுகிறார். "இங்க கரண்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கு. எனக்குத்தான் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

ஜூலை 17, வெள்ளி

கேட்டில் யாரோ ஒரு பை கொடுத்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் கொண்டுவந்து தந்தார். சாத்துக்குடி, ரொட்டி, ஒரு பாட்டில் மிளகு ரசப்பொடி. நஸ்ரின் வேலையாகத்தான் இருக்கும். நல்ல பெண். கேட்டால் இல்லை என்று சாதிக்கிறாள்.

ஜூலை 19, ஞாயிறு

ஆடி பிறந்தாயிற்று. இனி வீடு பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள் என்று நஸ்ரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வாங்குவதற்குத்தானே ஆடி ஆகாது, பார்ப்பதற்கு என்ன என்று சொல்லி அனுப்பினேன். விளக்கு வேலை நிற்கவில்லை. இப்போது பதினோராவது மாடிக்குப் போகிறது எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. இன்னும் கிழியவில்லை. அந்தக் காலத்துத் துணி.

ஜூலை 27, திங்கள்

நஸ்ரின் ஒரு சேதி கொண்டுவந்தாள். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருக்கிறதே, அங்கே வயசானவர் ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறாராம். ஒரு டீயை வாங்கிக்கொண்டு நம் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"மொத்தமா வாங்கிப் போடுற பார்ட்டி போல இருக்கு ஆன்ட்டி. மாடி மாடியா விரல் விட்டு எண்ணுறாராம்."

"அப்புறம் ஏன் நிக்கிற? போய்ப் பேசி மேல கூட்டிட்டு வா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றேன். கையில் வந்த கிராக்கியை டீக்கடையில் விட்டுவைப்பார்களா? இந்தக் காலத்துப் பெண்களுக்குத் துடிப்பே இல்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வேளச்சேரியிலிருந்து ஓர் இளம் தம்பதி. "வாங்க வாங்க, உள்ள வாங்க. செருப்போடவே வரலாம், பரவாயில்ல" என்றேன். அவர்களுக்குப் பின்னால் நஸ்ரின். "நான் சொன்னேன்ல ஆன்ட்டி, அந்த டீக்கடை சார். இவர்தான்" என்று நகர்ந்து வழிவிட்டாள்.

குஞ்சிதபாதம் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத புத்தம் புதுச் சட்டை, கடையில் குத்தின குண்டூசி ஒன்று காலரில் அப்படியே இருந்தது.

"வணக்கம்" என்றார் என்னைப் பார்த்து.

"வணக்கம்" என்றேன். கல்யாணமானதிலிருந்து ஒரு நாளும் சொல்லாத வார்த்தை.

நஸ்ரினுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அவளுடைய பாட்டைப் பாட ஆரம்பித்தாள். இவர் முழு வாடிக்கையாளராகவே மாறிவிட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்து, "உப்பு" என்றார். அடுப்பு மேடையை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைத்திருந்தேன். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தம்மா தனியாவா இருக்காங்க?"

"இல்ல சார், இவங்க ஹஸ்பண்ட் ஃபாரின்ல இருக்கார்" என்றாள் நஸ்ரின். நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவளாகவே பிரமோஷன் கொடுத்துவிட்டாள்.

"அப்படியா? எந்த நாடு?" என்று என்னிடம் கேட்டார்.

"அயனாவரம்" என்றேன்.

நஸ்ரின் நான் ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த இளம் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எங்க கையில இருக்கிறதையெல்லாம் இதுலதான் போடப் போறோம். உண்மையைச் சொல்லுங்க, இங்க இருக்கிறதுக்கு எப்படி இருக்கு?"

காற்று, வெளிச்சம், கடல் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். எதிரே அவர் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரிடம் தங்கு தடையில்லாமல் சொன்ன பேச்சு, வரவில்லை.

"நல்ல வீடும்மா, அதுல பொய்யில்ல. ஆனா ஆளுங்க அதிகம் இல்ல. நீ கீழ இருந்து பார்த்த சட்டையெல்லாம் நான் காயப்போடுறது. சாயங்காலம் எரியிற விளக்கும் நான் போடுறதுதான். தண்ணி கொஞ்சம் உப்பு. ரெண்டு பேரா இருந்தா இங்க ராஜா மாதிரி இருக்கலாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒருத்தரா இருக்க முடியல" என்றும் சொல்லிவிட்டேன்.

நஸ்ரினின் முகம் தொங்கிப்போயிற்று. தம்பதியை அவசரமாகப் பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஹாலில் நாங்கள் இரண்டு பேர்.

"ஆறாவது மாடியில நீலக் கோடு" என்றார் மெதுவாக. "எட்டுல சாம்பல். பதினொண்ணுல கல்யாண வெள்ளை. நான் பாட்டுக்கு அங்க ரெண்டு சட்டையை வெச்சிக்கிட்டு மாத்தி மாத்திப் போட்டுட்டிருக்கேன்."

"டீக்கடை வரைக்கும் வரத் தெரிஞ்சவருக்கு ரோடு தாண்டத் தெரியலையாக்கும்?"

"கூப்பிட்டியா?"

"வந்தா வாங்கன்னு சொன்னேனே."

"அதுக்குப் பேரு கூப்பிடுறதா? கவுண்டர்ல இருந்தவங்களுக்கெல்லாம் வெத்தல பாக்கு வெச்சு வீடு வீடாப் போயிக் கூப்பிட்டே. இப்பக்கூட, முன்னப் பின்னத் தெரியாதவங்களை வாசல்ல நின்னு வாங்க வாங்கங்கறே. எனக்கு ஒரு வார்த்தை உண்டா?"

"கட்டின புருஷனுக்குப் போய் யாராவது வெத்தல பாக்கு வெப்பாங்களா?"

"அவர்கிட்டச் சொல்லாமலே வீடு வாங்குறவங்க வெக்கலாம்."

நஸ்ரின் திரும்பி வந்துவிட்டாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அவளிடம் பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டு லிஃப்டில் போய்விட்டார். குண்டூசியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், கதவு மூடிவிட்டது.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கதவைச் சாத்தினேன். அப்புறம் அழுதேன். இது என் டைரி, இதில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

ஆகஸ்ட் 3, திங்கள்

விளக்குப் போடப் போகவில்லை. சட்டைகளை எல்லா மாடியிலிருந்தும் எடுத்து வந்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.

நஸ்ரின் வந்து, "கவுத்துட்டீங்களே ஆன்ட்டி" என்றாள். அந்தத் தம்பதி கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்களாம். "அந்தப் பெரியவர்தான் புரியல. ரேட்டே கேக்கல. அந்தம்மாவுக்குக் காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சான்னு கேட்டார். அவருக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

சொன்னேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாத்துக்குடி நான் வாங்கலன்னு சொன்னேன்ல" என்றாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் எல்லாம் வைத்துத் துணி போட்டு மூடி, இரண்டு பஸ் மாறி அயனாவரம் போனேன். கண்டக்டர், "கல்யாணமாம்மா?" என்றார். ஒரு விசேஷம் என்றேன். என்னிடம் சாவி இருந்தது. இருந்தாலும் வெளியில் நின்று கதவைத் தட்டினேன்.

திறந்தார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்று, கவுண்டர் சிநேகிதிகளிடம் சொன்ன மாதிரியே, ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

"படூர்ல புது வீடு வாங்கியிருக்கோம். நீங்க அவசியம் குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் கொடுக்கணும்."

வாங்கியிருக்கேன் என்றுதான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாயில் இப்படித்தான் வந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். தலையைத் தூக்கவில்லை.

"என்னைக்கு விசேஷம்?"

"இன்னைக்கு."

"ஆடி மாசத்துல யாராவது குடி போவாங்களா?"

"குடி நான் வைகாசியிலயே போயாச்சு. நீங்க விருந்தாளி. விருந்தாளிக்கு மாசம் பார்க்கிறதில்ல."

தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, "உள்ள வா, வெயில்ல வந்திருக்கே" என்று சொல்லிவிட்டு, சட்டை மாற்ற உள்ளே போனார். சாமான் கட்ட எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அடுப்பங்கரையில் ஒரு பாத்திரம், ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவ்வளவுதான் வெளியில் இருந்தது. கூடத்து மூலையில் டிரங்குப் பெட்டியும் இரண்டு சாக்கு மூட்டைகளும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டித் தயாராக இருந்தன. நேற்றைக்கோ முந்தாநாளோ கட்டினதில்லை. பெட்டி மேலும் கயிற்று முடிச்சிலும் தூசி திட்டாகப் படிந்திருந்தது.

எப்போது கட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.